அஞ்சலட்டையில் இடம் போதவில்லை

கீரமங்கலம் பக்கம்,
2 ஜூன் 2024

அன்புள்ள மணிமேகலைக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. என் போனை நீ பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியபோது கோபம் வந்தது உண்மை. அய்யப்பன் போனிலிருந்தாவது பேசலாம் என்று பார்த்தால் நீ எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் அவனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய், சொல்ல வேண்டியதை எழுதச் சொல்லுங்கள் என்று. சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டருக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

அய்யப்பன் லிஃப்ட் கம்பெனியில் எனக்கு ஹெல்பராக ஏழு வருஷம் இருந்தவன், பிரியாவின் காதுகுத்துக்குக்கூட வந்திருந்தான். இப்போது ஒன்றரை ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறான். அவன் மனைவி மீனம்மாள் என்னை அண்ணே என்கிறாள். பம்புசெட்டை ஒட்டிய அறையில் எனக்கு ஒரு கட்டில். டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன். முதல் நான்கு நாள் கை நடுங்கியதில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இப்போது பேனா பிடிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறேன்.

சும்மா சோறு தின்னக் கூடாது என்று நேற்று விடியலில் பூப்பறிக்கப் போனேன். ஒரு மணி நேரத்தில் கூடையை நிரப்பிவிட்டுப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். மீனம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பூராம் நாளைக்கு உள்ளதுண்ணே" என்றாள். இன்று விரியும் மொட்டு வெள்ளையாகத் தடித்திருக்குமாம், நாளைய மொட்டு கொஞ்சம் பச்சையோடிச் சின்னதாக இருக்குமாம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஆக, அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பூவை நான் சனிக்கிழமையே பறித்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நூறு நாள் குடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றாய். இன்றோடு ஒன்பது. பிரியாவிடம் அப்பா கேட்டதாகச் சொல்.

அரவிந்த்


அயனாவரம், சென்னை
9 ஜூன் 2024

கடிதம் வந்தது.

ஏன் போனை எடுக்கவில்லை என்று நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்திருக்கிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் சொல்லும் 'ஹலோ'வை வைத்தே இன்றைக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்கு அலுத்துவிட்டது. கடிதத்தில் குரல் இல்லை. படித்துவிட்டு நிம்மதியாக மடித்து வைக்கலாம்.

நான் லேபில் ரத்த ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். உங்கள் கல்லீரல் ரிப்போர்ட்டை அடித்ததும் நான்தான். ஒவ்வொரு எண்ணையும் தட்டிவிட்டு, பெயர் இருந்த இடத்தை இன்னொரு தரம் பார்த்தேன். அந்தப் பகல் உங்களுக்குத் தெரியாது.

பிரியாவின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வருகிறேன் என்று போனவர் மறுநாள் காலையில் வந்தீர்கள். அவள் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை. உங்கள் கடிதத்தையும் படிக்க மாட்டேன் என்றாள். மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது மடிப்பு மாறியிருந்தது.

அய்யப்பன் வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மணிமேகலை


கீரமங்கலம் பக்கம்,
23 ஜூன் 2024

அன்புள்ள மணிமேகலைக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். இப்போதைக்கு ஊர்க்கதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்த ஊரில் யாரும் யாரையும் சும்மா நடக்க விடமாட்டார்கள். வீட்டை விட்டு இறங்கினால் போதும், "எங்கிட்டு போறீங்க?" என்று ஒரு குரல் வந்துவிடும். நம் தெருவில் எட்டு வருஷம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. இங்கே நான் டீ குடிக்கப் போவது ஊருக்கே தெரிய வேண்டியிருக்கிறது. முதலில் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கமாகப் பதில் சொன்னேன், சோப்பு வாங்கப் போகிறேன், துணி துவைக்க, இன்ன சோப்பு என்று. அய்யப்பன்தான் சிரித்துக்கொண்டே, "அண்ணே, சும்மா இந்தா இங்கிட்டுத்தான்னு சொல்லிட்டுப் போங்க, அம்புட்டுத்தான்" என்றான்.

இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். டீக்கடை ராசுவிடம் லிஃப்டைப் பற்றிப் பெரிதாக அளந்தேன். பதினெட்டு மாடிக் கட்டடத்துக்கெல்லாம் நான்தான் போவேன் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, சிங்கப்பூரில் ஐம்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்ததாகச் சொன்னார். கிராமத்து ஆள்தானே என்று நினைத்த நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நழுவினேன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறார் இங்கே. ஊர் உலகம் தெரியாமல் இருந்தவன் நான்தான்.

ஆனாலும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் அடிக்கடி எரிந்துபோகின்றன. ரிலேயும் காண்டாக்டரும் எனக்குப் பழக்கம்தானே. மூன்று தோட்டத்தில் சரிசெய்து கொடுத்தேன். இப்போது என் பெயர் லிஃப்டுக்காரர்.

சாயங்காலம் ஆறு மணிதான் கஷ்டம். அந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டு மோட்டார் தண்ணீரில் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறேன். கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அரவிந்த்


அயனாவரம்,
1 ஜூலை 2024

ராசு கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஊரில் எல்லாருக்கும் நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். இங்கே எட்டு வருஷமாக நான் மூடி மறைத்ததுதான் உங்களுக்கு வசதியாகப் போயிற்று. கீழே ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் உங்களுக்கு சுகர், அதனால்தான் தள்ளாட்டம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் நம்பியதாக நடித்தார். அங்கேயும் ஒருத்தி உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

பிரியாவுக்கு மாதத் தேர்வில் கணக்கு குறைந்திருக்கிறது. எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மணிமேகலை


கீரமங்கலம் பக்கம்,
18 ஜூலை 2024

அன்புள்ள மணிக்கு,

இதை எழுதாமலே விட்டிருக்கலாம். உனக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் கரண்ட் இல்லை. அய்யப்பன் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். ஆலங்குடி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒயின்ஷாப் இருக்கிறது. வந்த முதல் நாளே எங்கே என்று பார்த்து வைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நான்கு வீடு தாண்டுவதற்குள் திலகவதி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பூப்பறிக்க வருகிறவள்தான். "எங்கிட்டுண்ணே?" என்றாள். சும்மா இங்கிட்டுத்தான் என்று சொல்லியிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு, "பல்பு வாங்க" என்று வாயில் வந்துவிட்டது. "அப்ப எனக்கும் ஒன்னு வாங்கிட்டு வந்துருங்கண்ணே" என்றாள். அடுத்த வீட்டில் இது காதில் விழுந்து அவர்களும் ஒன்று கேட்டார்கள். ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஒரு பெரியவர், ஒன்பது வாட்டா பன்னிரண்டு வாட்டா என்று ஆரம்பித்து, தனக்கும் ஒன்று என்றார். மூன்று பேர் பல்புக்குக் காத்திருக்கும்போது குடித்துவிட்டு எப்படித் திரும்பி வருவது? ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்தது. ஏறிக் கீரமங்கலம் போய் நான்கு பல்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் நல்லவனாகி நிற்கவில்லை, மணி. மாட்டிக்கொண்டு நின்றேன். இதை வெற்றி என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊருக்குத் தெரியுமா என்று கேட்டாயே. திலகவதி பல்பை வாங்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் போவீங்களோன்னு நெனைச்சேண்ணே. வந்துட்டீங்க, சந்தோசம்" என்றாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் ஒருவனுக்குத்தான் அது தெரியவில்லை.

ஐம்பத்தைந்து நாள். பிரியாவின் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பாடம் என்று எழுது. இங்கிருந்து போட்டு அனுப்புகிறேன்.

அரவிந்த்


அயனாவரம்,
26 ஜூலை 2024

நீங்கள் கிளம்பினேன் என்று எழுதியிருந்த வரியோடு நிறுத்திவிட்டேன். மீதியைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

எழுதியதற்கு நன்றி. உங்கள் வாயிலிருந்து நானாகக் கண்டுபிடிக்காத உண்மை ஒன்று வந்து எத்தனை வருஷம் ஆகிறது.

பிரியா தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். இருபடிச் சமன்பாடு, ஐந்து கணக்கு. 'வழிமுறையோடு' என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாள் பாருங்கள்.

மணிமேகலை


அஞ்சலட்டை
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மணிக்கு, கணக்கை நேற்றே தனியாக அனுப்பிவிட்டேன். தபால் ஆபீசில் கவர் தீர்ந்துவிட்டதாம், அஞ்சலட்டைதான் கிடைத்தது. சந்தோஷமான சேதி. 30-ம் தேதி வெள்ளிக்கிழமை இங்கே மது எடுப்பு. ஊரே மது எடுக்கும். இந்த வருஷம் எனக்கும் ஒரு மது என்று ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. இத்தனை பேர் மத்தியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்று கண் கலங்கிவிட்டது. இதில் உன் சம்மதமும் வேண்டும். இடம் போதவில்லை. அரவிந்த்.


அயனாவரம்,
19 ஆகஸ்ட் 2024

அஞ்சலட்டையை முதலில் படித்தது ஹவுஸ் ஓனர் அம்மா. என் கையில் கொடுக்கும்போது, "சுகருக்கு இதெல்லாம் ஆகாதேம்மா" என்றார். நான் படியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் சம்மதம் வேண்டுமா? ஊரே கூடி உட்கார்ந்து தீர்மானம் போட்டு ஊற்றிக் கொடுக்கிறார்கள், இவருக்குக் கண் கலங்குகிறதாம். எண்பது நாள் கஷ்டப்பட்டதற்குப் பரிசா? திருவிழா என்றால் குடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சாமி கேட்டது? அய்யப்பனுக்குமா புத்தி இல்லை? அந்த மீனம்மாளைப் பற்றி எவ்வளவு நல்லவிதமாக நினைத்திருந்தேன்!

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். படித்ததும் எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. அழுகையும் வரவில்லை. அப்பாடா, வந்துவிட்டது என்றுதான் இருந்தது. இடிந்து விழும் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்த சுவர் விழுந்ததும் ஒரு நிம்மதி வருமே, அப்படி.

நூறாவது நாள் நீங்கள் இங்கே வர வேண்டாம். பிரியா உங்கள் ஐந்து கணக்கையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

மணிமேகலை


கீரமங்கலம் பக்கம்,
22 ஆகஸ்ட் 2024

மணி,

குடிக்கவில்லை. முதலில் இதைப் படித்துக்கொள். இன்று தொண்ணூறாவது நாள், ஒரு சொட்டுக்கூட இல்லை.

மது என்பது இங்கே ஒரு குடம். குடம் நிறைய நெல் கொட்டி, அதன்மேல் விரிந்த தென்னம்பாளையைச் செருகி, சுற்றிலும் பூக்கட்டி, பெண்கள் தலையில் வைத்துக் கோயிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். குலவை போட்டு, கும்மி கொட்டி, சாமிக்கு முன்னால் இறக்கி வைப்பார்கள். மழை பெய்ய வேண்டும், விளைய வேண்டும் என்று வேண்டுதல். அந்தக் குடத்துக்குப் பெயர் மது. அதைச் சுமப்பதற்குப் பெயர் மது எடுப்பது. இத்தனை நாள் இங்கேயே கிடந்ததில், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு என்பதையே நான் மறந்திருக்கிறேன். வேறு யாராவது மறந்தால் சரி. நான் மறக்கலாமா!

ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டார் நின்றுபோய், இரண்டு நாள் உட்கார்ந்து ஓட வைத்தேன். அதை வைத்துக் கூட்டத்தில் ஒருவர், "லிஃப்டுக்காரரும் நம்ம ஊருல ஒரு வீடுதானப்பா" என்றார். வீடு என்றால் ஒரு மது வைக்க வேண்டும். மது வைத்தால் தூக்க அந்த வீட்டுப் பெண் வேண்டும். "அண்ணிய வரச் சொல்லுங்கண்ணே, நானே ரெண்டு தூக்க முடியுமா?" என்றாள் மீனம்மாள். நீ வர முடியுமா என்று கேட்க இடம் இல்லாமல்தான் அட்டையில் சம்மதம் என்று எழுதினேன்.

உன் கடிதத்தை நேற்று சாயங்காலம் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆத்திரம் வந்தது. குடித்தவன் என்றே எழுதிவிட்டாள், பேசாமல் குடித்துவிட்டே எழுதலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் கடிதத்தை மீனம்மாள் கையில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, களத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது. "சிரிக்கப்படாதுண்ணே. அண்ணிக்கு ஒடனே நம்பத் தோணியிருக்கு பாருங்க, அவங்க எம்புட்டுப் பட்டிருப்பாங்க" என்றாள். என் ஆத்திரம் அதோடு போயிற்று. உன்னை அப்படி நம்பப் பழக்கியவன் நான்தானே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறாவது நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே தெருவில் இறங்கினால் எங்கிட்டு என்று கேட்க ஆள் இருக்கிறது. அயனாவரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு கடை. யார் கேட்பார்கள்? வீட்டுக்கு வர வேண்டும் என்று உயிர் துடிக்கிறது, வந்தால் என்ன ஆவேனோ என்றும் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

நீ வராவிட்டாலும் குறையில்லை. வர முடியவில்லை என்று கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறேன். பிரியாவிடம் மட்டும் அப்பா குடிக்கவில்லை என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அரவிந்த்


அயனாவரம்,
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு நின்றபடியே பிரியாவைக் கூப்பிட்டேன். அவள் முழுவதையும் உரக்கப் படித்தாள். நெல், பாளை, கும்மி என்று அவள் படிக்கப் படிக்க எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுஷனை என்ன பேச்சுப் பேசிவிட்டேன்! மீனம்மாளையும் விடவில்லை. அவளிடம் எப்படி முகம் கொடுக்கப் போகிறேனோ. ஆனால் ஒன்று, உங்கள்மேலும் தப்பு இருக்கிறது. பெண்டாட்டிக்கு அஞ்சலட்டையில் மது என்று எழுதும் ஆள் இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போய் விளக்கினேன். சுகர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியும்மா என்றார்.

சுவர் விழுந்த நிம்மதி என்று எழுதியிருந்தேன் அல்லவா. மூன்று நாளாக அதையே யோசிக்கிறேன். நீங்கள் திருந்த வேண்டும் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தாலும், மனசு நீங்கள் எப்போது விழுவீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் அங்கே ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தபோது நான் இங்கே நீங்கள் விழுவதற்குக் காத்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களுக்குப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பயம்தான். நீங்கள் வெளியே போய் ஏழு மணிக்குப் பேசினால் மறுபடியும் என் காது தானாகத் தீட்டிக்கொள்ளும், அதை என்னால் தடுக்க முடியாது. உங்களை இந்த வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் நாங்கள் அங்கே வருகிறோம்.

லேபில் ஐந்து நாள் லீவ் சொல்லிவிட்டேன். பிரியா பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதியிருக்கிறாள், காரணம் என்ற இடத்தில் 'மது எடுக்க' என்று. அடித்துவிட்டு 'கோயில் திருவிழா' என்று போட வைத்தேன். வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை கீரமங்கலம் கடைத்தெருவில் இறங்குகிறோம். தலையில் குடம் வைத்து எனக்குப் பழக்கமே இல்லை, ஊருக்கு முன்னால் கீழே போட்டுவிடப் போகிறேன். நீங்கள் பக்கத்திலேயே நடந்து வாருங்கள்.

மணிமேகலை